555 புத்தகமும் கியூஆர் கட்டமும்: சின்னக் கடைக்குப் பெரிய கணக்கு

மளிகைக் கடை வைத்திருந்த குடும்பங்களுக்கு 555 புத்தகத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சட்டைப் பைக்குள் அடங்கும் சிறிய நோட்டு. மேலட்டையில் 555 என்ற எண். சம்பளத்துக்கு முன் வாங்கிய அரிசி, சீனி, சார்டின் எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளன்று கணக்கைத் தீர்த்ததும் குறுக்கே ஒரு கோடு விழும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எத்தனையோ குடும்பங்களின் மாதக் கடைசியை ஓட்டிய புத்தகம் அது.

ஆனால் அந்தப் புத்தகத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அதற்கு மறுபிரதி கிடையாது. மழையில் நனைந்தாலும், கரையான் அரித்தாலும், கடை மாற்றும்போது காணாமற்போனாலும் வரவேண்டிய பணமும் அதோடு போய்விடும். இரண்டு, யார் எவ்வளவு தரவேண்டும் என்று அது சொல்லும். எந்தப் பொருளில் லாபம், எந்தப் பொருளில் நட்டம் என்று சொல்லாது.

இன்று அதே கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பு நிற டூயிட்நவ் கியூஆர் அட்டை நிற்கிறது. பல கடைக்காரர்கள் அதை ஒட்டிய அன்றே தங்கள் கடை இலக்கவியலுக்கு மாறிவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் அது முதல் படி மட்டுமே. அந்தக் கட்டம் எப்படி வேலை செய்கிறது, அது விட்டுச் செல்லும் பதிவிலிருந்து சிறு வணிகர் என்ன பெறலாம், எங்கே ஏமாறக்கூடும் என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

கார் தொழிற்சாலையில் பிறந்த கட்டம்

கியூஆர் குறியீடு பணம் செலுத்துவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் பொறியாளர் மசாஹிரோ ஹாராவும் அவரது குழுவினரும் கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க இதை உருவாக்கினார்கள். அதுவரை பயன்பாட்டில் இருந்த கோட்டுக் குறியீட்டில், அதாவது பார்கோடில், சுமார் 20 எழுத்துகளே அடங்கும். அதனால் ஒரே பெட்டியில் பல பார்கோடுகளை ஒட்டி, தொழிலாளர்கள் ஒவ்வொன்றாக வருட வேண்டியிருந்தது. தகவலை நீளவாக்கில் மட்டுமின்றி அகலவாக்கிலும் எழுதினால் என்ன என்ற யோசனையில் பிறந்ததே இந்தக் கட்டம். ஓய்வு நேரத்தில் ஆடிய ‘கோ’ விளையாட்டுப் பலகையின் கறுப்பு வெள்ளைக் காய்கள் தமக்கு அந்த யோசனையைத் தந்ததாக ஹாரா கூறியிருக்கிறார்.

மிகச் சிறிய கியூஆர், பக்கத்துக்கு 21 சதுரங்கள் கொண்டது. மிகப் பெரியது, பக்கத்துக்கு 177. பெரியதில் 7,089 இலக்கங்கள் வரை எழுதலாம்.

அதன் மூன்று மூலைகளில் பெரிய சதுரங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை அலங்காரத்துக்காக அல்ல. அந்தச் சதுரத்தின் நடுவே எந்தத் திசையில் கோடு இழுத்தாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்புப் பகுதிகள் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். சாதாரண அச்சுத் தாள்களில் மிக அரிதாக வரும் விகிதம் எது என்று தேடிப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தார்கள். கைப்பேசிக் கேமரா இந்த விகிதத்தைக் கண்டதும், ‘கட்டம் இங்கே இருக்கிறது, இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது’ என்று தெரிந்துகொள்கிறது. தலைகீழாகப் பிடித்தாலும் அது படிப்பதற்கு இதுவே காரணம்.

கறை பட்டாலும் படிக்கும் கணிதம்

கடை மேசையில் இருக்கும் அட்டையில் மஞ்சள்தூள் ஒட்டும், எண்ணெய் தெறிக்கும், ஓரம் கிழியும். அப்படியும் அது படிக்கப்படுவதற்குக் காரணம், 1960இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் வகுத்த பிழைதிருத்த முறை. குறுந்தட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு நிற்காமல் ஓடியதும் இதே கணிதத்தால்தான்.

அதன் அடிப்படையை எளிய உதாரணத்தால் விளக்கலாம். ஒருவருக்கு 3, 5 என்ற இரண்டு எண்களைச் சொல்லியனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெறும் இரண்டை மட்டும் அனுப்பாமல், அதே வரிசையைத் தொடர்ந்து 3, 5, 7, 9, 11 என்று ஐந்து எண்களை அனுப்புகிறோம். வழியில் ஒன்று கெட்டு 3, 5, 8, 9, 11 என்று போய்ச் சேருகிறது. பெறுபவர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்: மற்ற நான்கும் இரண்டிரண்டாகக் கூடும் வரிசையில் இருக்கின்றன, 8 மட்டும் பொருந்தவில்லை, அது 7ஆகத்தான் இருக்க வேண்டும். அசலோடு சேர்த்து அனுப்பிய உபரி எண்கள் பிழையைக் காட்டிக்கொடுப்பதோடு திருத்தியும் விடுகின்றன.

கியூஆர் குறியீட்டில் இந்தப் பாதுகாப்புக்கு நான்கு படிநிலைகள் உண்டு. முறையே ஏறத்தாழ 7, 15, 25, 30 விழுக்காடு சிதைந்தாலும் படிக்க முடியும். நடுவில் நிறுவனச் சின்னத்தை அச்சிட முடிவதும் இதனால்தான். ஆனால் மூலைச் சதுரம் மறைந்தால் கேமரா கட்டத்தையே கண்டுகொள்ளாது. அட்டையை ஒட்டும்போது மூலைகளின் மேல் ஒட்டுநாடா சுருங்கி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டத்துக்குள் எழுதியிருப்பது என்ன?

கடையில் காட்டும் கட்டணக் கியூஆர்களுக்கு அனைத்துலக அளவில் ஒரு பொதுவான எழுத்துமுறை இருக்கிறது. ஒவ்வொரு தகவலுக்கும் முதலில் இரண்டு இலக்க எண், அடுத்து அதன் நீளம், பிறகு தகவல். எடுத்துக்காட்டாக, மலேசியக் கடையின் கட்டத்துக்குள் 5303458 என்ற வரிசை இருக்கும். 53 என்றால் ‘நாணயம்’. 03 என்றால் ‘அடுத்து வருவது மூன்று இலக்கம்’. 458 என்பது ரிங்கிட்டின் அனைத்துலக எண். சிங்கப்பூர் வெள்ளியாக இருந்தால் அந்த இடத்தில் 702 இருக்கும். இப்படியே நாடு, கடையின் பெயர், கணக்கை அடையாளம் காட்டும் எண் எல்லாம் வரிசையாக இருக்கும்.

அச்சிட்டு ஒட்டிய அட்டையில் தொகை இருக்காது. வாடிக்கையாளர்தான் தட்டச்சு செய்ய வேண்டும். 12.50 வெள்ளியை அவசரத்தில் 1.25 என்று தட்டிவிட்டுப் போவது இங்கேதான் நடக்கிறது. விற்பனைக் கருவியோ செயலியோ ஒவ்வொரு முறையும் புதிதாகக் காட்டும் கியூஆரில் தொகையும் சேர்ந்தே இருக்கும். கூட்டம் அதிகமுள்ள கடைகளுக்கு இரண்டாவது முறையே நல்லது.

பொதுவான எழுத்துமுறையால் இன்னொரு நன்மையும் உண்டு. முன்பு ஒவ்வொரு வங்கிக்கும் ஒவ்வொரு மின்பணப்பைக்கும் தனித்தனி அட்டை இருந்தது. கல்லாவின் முன் அட்டைகள் அணிவகுத்து நின்றன. சிங்கப்பூர் 2018 செப்டம்பரில் எஸ்ஜிகியூஆர் என்ற ஒரே அட்டையைக் கொண்டுவந்தது. மலேசியாவில் பேநெட் நிறுவனத்தின் டூயிட்நவ் கியூஆர் 2019இல் வந்தது. 2023 மார்ச்சில் டூயிட்நவ் கியூஆரும் சிங்கப்பூரின் நெட்ஸ் கியூஆரும் இணைக்கப்பட்டன. அதன்பின் ஜொகூர் பாருவில் வடை விற்பவர், பாலம் கடந்து வரும் வாடிக்கையாளரிடம் சிங்கப்பூர் வெள்ளிக்குச் சில்லறை தேட வேண்டிய தேவை குறைந்தது.

வாடிக்கையாளர் காட்டும் திரை சான்றல்ல

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. மேலே சொன்ன கணிதம் கறையைக் கண்டுபிடிக்கும், கள்ளத்தைக் கண்டுபிடிக்காது. உங்கள் அட்டையின் மேல் யாராவது தம் கணக்கின் கியூஆரை ஒட்டிவிட்டுப் போனால், அதுவும் எல்லா விதத்திலும் சரியான கட்டம்தான். வாடிக்கையாளர் செலுத்துவார், பணம் போகும், உங்களுக்கு மட்டும் வராது.

வாடிக்கையாளர் தம் கைப்பேசியை நீட்டி, ‘கட்டியாச்சுண்ணே’ என்று காட்டும் திரையும் சான்றல்ல. நேற்றைய படத்தை இன்று காட்டலாம். தொகையைத் திருத்திய படத்தையும் காட்டலாம். பணம் எந்த வழியில் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்: வாடிக்கையாளரின் செயலி, அவரது வங்கி, இடையிலுள்ள கட்டணக் கட்டமைப்பு, உங்கள் வங்கி, கடைசியாக உங்கள் கைப்பேசி. இந்தத் தொடரின் முடிவில் உங்கள் சொந்தச் செயலிக்கு வரும் அறிவிப்பே சான்று. கடைப் பையன் மட்டும் கல்லாவில் இருக்கும் நேரத்தில் முதலாளியின் கைப்பேசிக்குத்தான் அறிவிப்பு போகும் என்றால் ஏமாற்றுபவருக்கு அது வசதி. பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லும் ஒலிப்பெட்டி இருக்கிறது. அல்லது கடையிலேயே இருக்கும் ஒரு கைப்பேசிக்கு அறிவிப்பு மட்டும் வரும்படி ஏற்பாடு செய்யலாம்.

2023இல் சிங்கப்பூரில், ஒரு பானக் கடையின் கதவில் ஒட்டியிருந்த கியூஆரைக் கருத்தாய்வு என்று நம்பி வருடிய 60 வயது மாது ஒருவர், அதன்வழி ஒரு செயலியைப் பதிவிறக்கி 20,000 வெள்ளியை இழந்தார். கடைக்கும் அந்த ஒட்டுவில்லைக்கும் தொடர்பு இல்லாமலிருந்தாலும், இப்படி நடந்தால் வாடிக்கையாளர் மனத்தில் நிற்பது கடையின் முகம்தான். தினமும் கடை திறந்ததும் அட்டையைத் தடவிப் பார்ப்பது, கதவைச் சுற்றி அந்நிய வில்லை எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பது, சாமி கும்பிடுவதைப் போல் வழக்கமாகிவிட வேண்டும். மலேசியாவில் மோசடியில் பணம் போனது தெரிந்த உடனே வங்கிக்கோ 997 என்ற எண்ணுக்கோ அழைக்க வேண்டும். சிங்கப்பூரில் சந்தேகம் எழுந்தால் 1799.

கறிவேப்பிலை சொல்லும் கணக்கு

இனி நன்மைக்கு வருவோம். ரொக்கத்தைத் தொடாமல் வாங்குவது வாடிக்கையாளருக்கு வசதி. கடைக்காரருக்குக் கிடைக்கும் பெரிய பயன் அதுவல்ல. எந்தப் பொருள், எந்த நாளில், எத்தனை விற்றது என்ற பதிவே. கியூஆர் மட்டும் இதைச் செய்யாது. அது மொத்தத் தொகையைத்தான் சொல்லும். பொருள்வாரியாகப் பதியும் விற்பனைச் செயலி வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் விரிதாளிலும் தொடங்கலாம்.

ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். கறிவேப்பிலைக் கட்டு ஒன்று 60 காசுக்கு வாங்கி ஒரு வெள்ளிக்கு விற்கிறார்கள். வாரத்தில் 140 கட்டுக்குத் தேவை இருக்கிறது. நாளொன்றுக்குச் சராசரி 20. எனவே தினமும் 20 கட்டு எடுக்கிறார் முதலாளி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நாள்வாரியாகப் பதிந்து பார்த்தால் வேறு கதை தெரிகிறது. ஆறு நாள்களில் தினமும் 15 கட்டுதான் போகிறது. வெள்ளிக்கிழமை வீட்டில் சைவம் சமைப்பவர்களுக்காக வியாழக்கிழமை 50 கட்டு கேட்கிறார்கள். ஆறு பதினைந்து 90, அதோடு 50, ஆக 140. சராசரி அதே 20தான்.

தினமும் 20 எடுத்தால் என்ன நடக்கும்? வியாழக்கிழமை 30 கட்டுக்கு ஆள் வந்து வெறுங்கையோடு திரும்புவார்கள். மற்ற ஆறு நாளும் தலா 5 கட்டு வாடி, 30 கட்டு குப்பைக்குப் போகும். வாங்கியது 140 கட்டு, செலவு 84 வெள்ளி. விற்றது 110 கட்டு, வரவு 110 வெள்ளி. மிச்சம் 26 வெள்ளி. நாளுக்கு ஏற்றபடி 15ம் 50மாக எடுத்திருந்தால் 140 கட்டும் விற்று 56 வெள்ளி மிஞ்சியிருக்கும். வாரத்துக்கு 30 வெள்ளி வித்தியாசம். ஆண்டுக்கு 1,560 வெள்ளி. இது ஒரே ஒரு பொருளில்.

உண்மை வாழ்க்கையில் தேவை இவ்வளவு ஒழுங்காக வராது. மழை பெய்தால் மாறும், பள்ளி விடுமுறையில் மாறும். முழு 30 வெள்ளியும் கைக்கு வராமல் போகலாம். ஆனால் பாதி வந்தாலும் அது கூடுதல் உழைப்பில்லாமல் வந்த பணம். வெண்டைக்காய், பால், வாழையிலை, மல்லிகைச் சரம் என வாடும் பொருள் எதுவானாலும் இந்தக் கணக்கு பொருந்தும். அனுபவசாலிக் கடைக்காரர் இதில் பாதியை மனத்திலேயே வைத்திருப்பார். அவருக்கு உடம்பு முடியாமல் மகன் கடையைப் பார்க்கும் நாளில்தான் அந்த மனக்கணக்கு எழுத்தில் இல்லாதது தெரியவரும்.

எப்போது சரக்கு எடுப்பது?

வாடாத பொருளுக்கு வேறொரு சூத்திரம் உண்டு. ஒரு நாள் விற்பனையை, சொல்லியனுப்பிய பின் சரக்கு வந்து சேரும் நாள்களால் பெருக்கி, அதோடு ஒரு பாதுகாப்பு இருப்பைக் கூட்ட வேண்டும். முறுக்கு மாவு தினமும் 6 பாக்கெட் போகிறது. மொத்த வியாபாரியிடமிருந்து வர 5 நாளாகும். எதற்கும் 10 பாக்கெட் கையிருப்பு வேண்டும் என்றால், ஆறைந்து 30, அதோடு 10, ஆக 40. அலமாரியில் 40 பாக்கெட் மிஞ்சும்போதே அடுத்த சரக்குக்குச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான விற்பனைச் செயலிகளில் இந்த எண்ணைக் கொடுத்துவைத்தால் அதுவே நினைவூட்டும்.

தீபாவளி மாதத்தில் அதே 40ஐ வைத்திருந்தால் கடை காலியாகிவிடும். சென்ற ஆண்டு அந்த மூன்று வாரங்களில் என்ன விற்றது என்ற பதிவு அப்போதுதான் விலைமதிப்பற்றதாகிறது. இந்த ஆண்டு பதியத் தொடங்குபவருக்கே அடுத்த தீபாவளிக்கு அந்தத் தகவல் கிடைக்கும்.

கடனுக்கும் வரிக்கும்

கடையை விரிவுபடுத்தக் கடன் கேட்டுப் போகும் நம்மவர் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நல்ல வியாபாரம் நடக்கிறது; காட்டுவதற்கு ஆதாரம் இல்லை. விற்ற பணம் கல்லாவிலிருந்து நேராக வீட்டுச் செலவுக்கும் சரக்குக்கும் போய்விட்டால் வங்கிக் கணக்கில் எதுவும் தெரியாது. டெக்குன் நேஷனலின் ஸ்புமி போன்ற இந்தியத் தொழில்முனைவோருக்கான திட்டமானாலும் சரி, வங்கியானாலும் சரி, கடன் தருபவர் திருப்பிச் செலுத்தும் ஆற்றலைத்தான் பார்ப்பார். கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதில் நாள்தோறும் வந்து விழும் சிறு தொகைகள், மாதாந்தர விற்பனை அறிக்கை ஆகிய மூன்றும் அங்கே பேசும்.

வரி விவகாரமும் அதே திசையில் நகர்கிறது. மலேசியாவில் மின்-விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1இல், ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கு வந்தது. சிறு வணிகர்களுக்கு விலக்கு வரம்பு உண்டு. அந்த வரம்பு இடையில் மாற்றப்பட்டும் இருக்கிறது. உங்கள் கடைக்குப் பொருந்துமா என்பதை உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொருந்துபவர்களுக்கு வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம். இதற்காகவே விலையுயர்ந்த மென்பொருள் வாங்க வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் நிதானியுங்கள்.

செலவைக் கணக்கிடாமல் இறங்காதீர்கள்

ஒவ்வொரு கருவிக்கும் விலை உண்டு. கட்டணச் சேவைக்கு 1 விழுக்காடு பிடித்தம் என்றால் சிறியதாகத் தோன்றும். ஆனால் ஒரு பொருளில் உங்கள் லாபமே 10 விழுக்காடுதான் என்றால், அந்த ஒன்று உங்கள் லாபத்தில் பத்தில் ஒரு பங்கு. பிடித்தம் வங்கிக்கு வங்கி வேறுபடும். கடன் அட்டை வழி வரும் பணத்துக்குப் பொதுவாக அதிகம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ‘எந்த வகைக் கட்டணத்துக்கு எவ்வளவு பிடிப்பீர்கள், பணம் என் கணக்குக்கு எத்தனை நாளில் வரும்?’ என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

மாதச் சந்தா கட்டும் செயலிக்கு மூன்றாவது கேள்வி: ‘நான் நிறுத்திக்கொண்டால் என் பதிவுகளை எடுத்துப்போக முடியுமா?’ முடியாது என்றால் அது வேறு உருவில் வந்த 555 புத்தகம். புத்தகம் மட்டும் அடுத்தவர் கையில் இருக்கிறது.

பதிவுகளுக்கு மறுபிரதி அவசியம். கைப்பேசி தொலைந்தாலும் கணக்கு தொலையக்கூடாது. மேகச் சேமிப்பில் ஒன்று, மாதம் ஒருமுறை அச்சிட்ட தாளில் ஒன்று என்று வைத்திருப்பது சின்னக் கடைக்குப் போதும். கல்லாவில் நிற்கும் எல்லாரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தாமல், ஆளுக்கொரு கணக்கு கொடுப்பது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும். வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களைச் சேர்த்தால், அவர்கள் சம்மதமின்றி வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத்துக்கும் பொருந்தும்.

ரொக்கத்தை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். இணையம் துண்டிக்கப்படும் நாள் வரும். கைப்பேசியில் பணம் செலுத்தத் தெரியாத பாட்டியும் வருவார். பத்து வெள்ளித் தாளோடு வந்தவரைத் திருப்பி அனுப்பும் கடை, பல ஆண்டு வாடிக்கையை ஒரே நாளில் இழக்கிறது.

எங்கே தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயன்றவர்கள்தான் சீக்கிரம் கைவிடுகிறார்கள். முதல் மாதம், கடைக்குத் தனி வங்கிக் கணக்கும் கியூஆர் அட்டையும். இரண்டாம் மாதம், அதிகம் விற்கும் பத்துப் பொருளை மட்டும் நாள்வாரியாகப் பதியுங்கள். மூன்றாம் மாதம், அந்தப் பதிவைப் பார்த்து ஒரே ஒரு பொருளின் கொள்முதலை மாற்றிப் பாருங்கள். கையில் மிஞ்சும் பணம் கூடினால் தொடருங்கள். கூடாவிட்டால் நட்டம் ஒரு பொருளோடு நின்றுவிடும். அறிவியலில் சோதனை என்பதும் இதுவே: ஒன்றை மாற்று, அளந்து பார், பிறகு முடிவெடு.

வீட்டில் செயலியைத் தட்டத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், எந்த மொத்த வியாபாரி சொன்ன நாளில் சரக்கு தருவார் என்று தெரிந்த அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்தபின் இரு தரப்பும் அரைமணி நேரம் சேர்ந்து அமர்ந்து வாரக் கணக்கைப் பார்த்தால் போதும். பழைய 555 புத்தகம் இன்னும் இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கோடு போடாமல் நிற்கும் கணக்குகளை முதலில் பதியலாம்.